குளவி மரமும் சிவப்புப் பொன்னாடையும்

1. கடிதம்

“தங்கள் தோட்டத்தில் கொழுந்துக் கங்காணியாகப் பணிபுரியும் திருமதி மரியபுஷ்பம் அவர்களை, உயிர்களுக்குத் தீங்கு செய்யாமையைத் தமது தொழிலில் கடைப்பிடித்து மற்றவர்களிடமும் பரப்பியவர் என்ற முறையில் இவ்வாண்டு கௌரவிக்க எமது சபை விரும்புகிறது.”

கொழும்பிலுள்ள ஒரு சமண சபையிலிருந்து எனக்கு வந்த கடிதத்தின் இரண்டாவது பந்தி இது. கடிதத்தில் திகதியும் மாதமும் இருந்தன, ஆண்டு இல்லை. உறையில் இருந்த தபால் முத்திரையைப் பார்த்து ஆண்டைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தேன். பின்னால் வருகிறவர்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக இதை எப்போதும் செய்வேன்.

நான் தெமோதரைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் டீமேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பதுளை நகரத்தில் குடியிருக்கிறேன். தேயிலைத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் படிப்பதற்காக என் வேலைக்காலச் சம்பவங்களை அவ்வப்போது எழுதி வருகிறேன். இது ஓய்வுக்குப் பிறகு நடந்தது. ஆனாலும் என் தொழில் வாழ்க்கையில் சேர்த்தே எழுத வேண்டியது.

கடிதத்தை அனுப்பியவர் கீர்த்திலால் ஐயா. குஜராத்திலிருந்து வந்து சில தலைமுறைகளாகக் கொழும்பில் வியாபாரம் செய்யும் சமணக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். தேயிலை ஏற்றுமதி செய்கிறவர். எங்கள் ஊவா மாகாணத்தில் காற்று வீசும் மாதங்களில் வரும் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. அதை ருசி பார்க்க ஆண்டுதோறும் எங்கள் தொழிற்சாலைக்கு வருவார். அவரும் அவரைப் போன்ற சில குடும்பங்களும் சேர்ந்து, எந்த மதத்தவராக இருந்தாலும் அகிம்சையை வளர்க்கிற ஒருவரைத் தேடிப்பிடித்து ஆண்டுக்கு ஒருமுறை பாராட்டுகிறார்கள். புஷ்பத்தைப் பற்றி அவரிடம் சொன்னவன் நான்.

2. கொழுந்து முத்திப்போன மூலை

எங்கள் பக்கத்தில் குளவி என்றால் ஒரே பூச்சி அல்ல. தேயிலைச் செடிக்குள் கூடு கட்டுவதும் குளவி, உயரமான மரக்கிளையில் பெரிய அடை கட்டித் தொங்கும் மலைத்தேனீயும் குளவி. கொட்டினால் இரண்டும் ஒன்றுதான். கொழுந்து எடுக்கப் போன பெண்கள் கொட்டு வாங்கி வைத்தியசாலைக்குப் போவது மலையகத்தில் செய்தியாகக்கூட நிற்காத அளவுக்கு வழக்கமானது. அடையைக் கண்டால் மூங்கில் கழியில் டயர்த் துண்டைக் கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி எரிப்பதும் அதே அளவுக்கு வழக்கமானது.

நான் வேலையில் இருந்தபோது தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கிலிருந்து வரும் கொழுந்தில் சில நாட்களில் முத்தல் இலை கலந்து வந்தது. ஒரு கை முத்தல் போதும், அந்த நாளின் தேயிலையே கெட்டுவிடும். அங்கே கொழுந்து எடுக்கும் பெண்களை மேற்பார்க்கும் கங்காணியைக் கூப்பிட்டு அனுப்பினேன். மரியபுஷ்பம் வந்தார். அப்போது அவர் கங்காணியாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

“என்ன புஷ்பம், கொழுந்தா இது? ஆட்டுக்குப் போடுற தழை மாதிரி இருக்கு.”

“அது குளவி மூலைங்க ஐயா. நாங்க உட்டு வச்சிருந்த எடம். குளவி போனதுக்கு அப்புறம்தான் எடுத்தோம். அதுக்குள்ள முத்திப்போச்சு.”

“கூட்டை எரிச்சிட்டு அன்னைக்கே எடுத்திருக்கலாமே?”

“எரிச்ச எடத்துக்கு நீங்க வந்து கொழுந்து எடுப்பீங்களா ஐயா?”

இதைக் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் பதிலுக்காக நின்றார். பிறகு அவரே சொன்னார். அவருடைய அண்ணி ஆரோக்கியம் கொழுந்து எடுக்கிறவர். ஒருநாள் மாலை மலையில் யாரோ ஓர் அடையை எரித்திருக்கிறார்கள். எரிந்த கிளையிலேயே மிச்சக் குளவிகள் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கின்றன. மறுநாள் காலையில் அடை போய்விட்டது என்ற நம்பிக்கையில் பெண்கள் அந்த மரத்தடிக்குப் போனார்கள். ஆரோக்கியத்தை ஏற்றிய லொறி பதுளை வைத்தியசாலையை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“எரிச்சவன் ஊட்டுக்குப் போயிட்டான். மறுநாளு போனது எங்க அண்ணிதான்,” என்றார்.

அதன் பிறகு புஷ்பம் தனக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டார். காலையில் ஆட்கள் மலைக்குள் இறங்குவதற்கு முன் அவர் மட்டும் ஒரு சுற்று நடப்பார். மரக்கிளைகளை அண்ணாந்து பார்ப்பார், செடிகளைக் குச்சியால் தொடாமல் குனிந்து பார்ப்பார். கூடு இருந்தால் சுற்றிலும் நான்கு பக்கத்துச் செடிகளில் சிவப்புத் துணி கட்டுவார். துணிக்கு உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது, அந்தப் பக்கம் சத்தம் போடக் கூடாது, நெருப்புப் பற்றவைக்கக் கூடாது, வாசனை எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரக் கூடாது. கடைசி விதியால் அவருக்கும் அவருடைய ஆட்களில் வாயாடியான செல்லம்மாவுக்கும் ஓயாத சண்டை.

“மாப்புள்ள வாங்கிக் குடுத்த சென்ட்டு அக்கா, சும்மா கெடக்குது,” என்பாள் செல்லம்மா.

“ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போட்டுக்க. சாமியார் கொட்ட மாட்டாரு.”

எனக்கு என் தேயிலையும் முக்கியம். அதனால் நாங்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். விட்டு வைத்த மூலையின் முத்தல் கொழுந்தைத் தனிச் சாக்கில் போட்டு, சாக்கின் வாயிலும் அதே சிவப்புத் துணியைக் கட்டி அனுப்ப வேண்டும். தொழிற்சாலையில் துணி கட்டிய சாக்கை நான் தனியே வாட்டி, தரம் குறைந்த தூளோடு சேர்ப்பேன். நான் ஓய்வு பெறும் வரை இந்த ஏற்பாடு ஒருநாளும் தவறவில்லை.

புஷ்பம் இதைத் தன் ஆட்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மற்றக் கங்காணிகளிடம் பேசினார், கீழ்கணக்குக்குப் போய்ப் பேசினார், கோயில் திருநாளுக்கு வரும் பக்கத்துத் தோட்டப் பெண்களிடமும் பேசினார். சிலர் கேட்டார்கள், சிலர் சிரித்தார்கள். அவர் துணி கட்டத் தொடங்கிய பிறகு மேல்கணக்கில் குளவி கொட்டி யாரும் வைத்தியசாலைக்குப் போனதாக என் நாட்குறிப்பில் பதிவு இல்லை. என் நாட்குறிப்பு முழுமையானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஒன்று நடந்திருந்தால் நான் எழுதாமல் விட்டிருக்க மாட்டேன்.

3. கோழிக் கேள்வி

கடிதம் வந்த பிறகு கீர்த்திலால் ஐயா புஷ்பத்தை நேரில் பார்க்க வந்தார். மேல்கணக்குப் பிள்ளைக்காம்பராவின் வாசலில் நான்கு நாற்காலி போட்டுப் பேசினோம். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. புஷ்பம் உட்கார மறுத்து நின்றுகொண்டிருந்தார். கீர்த்திலால் ஐயாவும் எழுந்து நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் எழுந்தேன். செல்லம்மா வந்து, “நாற்காலிக்கு யாரும் ஆளில்லையா?” என்று தான் உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம்.

கொழும்புக் கடைவீதியான புறக்கோட்டையில் பழகிய நல்ல தமிழ் கீர்த்திலால் ஐயாவுக்கு உண்டு. முதலில் அவர் கேட்ட கேள்வி இதுதான்:

“நீங்க மச்சம், மாமிசம் சாப்பிடுவீங்களா அம்மா?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும்.

“ஞாயித்துக்கிழமை கோழிங்க. மத்த நாள்ல கருவாடு. கருவாடு இல்லாம சோறு எறங்காதுங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு அவரே தொடர்ந்தார்: “அது சரிப்படாதுன்னா வேற ஆளப் பாத்துக்குங்க ஐயா. நான் பொய் சொல்லி வாங்கிக்க மாட்டேன்.”

“அது விருந்துக்காகக் கேட்டேன் அம்மா,” என்றார் கீர்த்திலால் ஐயா. “நம்ம ஆளுங்க மாமிசம் இருக்கிற எடத்துல சாப்பிட மாட்டாங்க. விழா அன்னைக்கு உங்களுக்குச் சாப்பாடு கஷ்டமா இருக்குமேன்னுதான். பரிசுக்கும் கோழிக்கும் சம்பந்தம் இல்லை.”

செல்லம்மா சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கிய குழந்தை ஒன்று விழித்துக்கொண்டது.

புஷ்பத்துக்கு இன்னும் திருப்தி இல்லை. “இன்னொண்ணும் சொல்லிப்புடறேங்க. எனக்கு குளவி மேல பாசம் ஒண்ணும் கெடையாது. எங்க அண்ணியக் கொன்னதே அதுதான். எங்க ஆளுங்க உசுரோட வீட்டுக்குப் போகணும்னு செஞ்சதுதான் எல்லாம்.”

அதற்குக் கீர்த்திலால் ஐயா சொன்னார்: “எங்க துறவிங்க கையில ஒரு மெத்துன்னு தொடப்பம் வச்சிருப்பாங்க. உக்கார்ற எடத்த, கால் வைக்கிற எடத்தப் பாத்து, கூட்டிட்டுத்தான் வைப்பாங்க. எறும்பு மேல பாசமான்னு அவங்களைக் கேட்டா என்ன சொல்லுவாங்களோ எனக்குத் தெரியாது. ஆனா பாக்காம கால வைக்க மாட்டாங்க. நீங்க காலையில மலையச் சுத்தி வர்றீங்களே, அதுவும் அந்த வேலைதான்.”

தமிழ்நாட்டுச் சமணத் துறவிகள் மயிற்பீலி வைத்திருந்ததாக நான் படித்திருக்கிறேன். அதைச் சொன்னேன். தங்கள் பிரிவில் கம்பளி நூல் என்றார் அவர். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

விழாவைக் கொழும்பில் ஒரு மண்டபத்தில் வைப்பதுதான் சபையின் வழக்கம். புஷ்பம் அதற்கு ஒப்பவில்லை. “துணிக்கு வெளிய நின்னது எங்க ஆளுங்க எல்லாரும். கொழும்புல வச்சா அவுங்க எப்படிப் பாப்பாங்க?” என்றார். தோட்டத்திலேயே வைப்பது என்று முடிவானது.

4. பொன்னாடையும் கிழங்கும்

தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை இளைஞர், சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். விழா என்றதும் மிகவும் மகிழ்ந்தார். தோட்ட மைதானத்தில் பந்தல், ஸ்பீக்கர், தப்பு மேளம், பட்டாசு, பொன்னாடை என்று எல்லாம் திட்டமிட்டார். பெரியவர்கள் யார் வந்தாலும் எங்கள் தோட்டங்களில் இப்படித்தான் வரவேற்பு. தப்பு முழங்காமல் ஒருவரை அழைத்து வந்தால் அவரை அவமதித்ததாகவே அர்த்தம்.

பொன்னாடை வாங்கும் பொறுப்பு என்னுடையது. பதுளைக் கடைவீதியில் பளபளவென்று ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் உறைத்தது. பட்டுக்காகப் புழுக்களைக் கொதிநீரில் போடுகிறார்கள். அகிம்சைக்காகப் பாராட்டும் ஒருவருக்கு, அதுவும் சமணர்களின் கையால், பட்டைப் போர்த்துவதா? உடனே திரும்பிப் போனேன்.

“இது அசல் பட்டா தம்பி?” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“ஐயா, நீங்க குடுத்த காசுக்கு அசல் பட்டா? சுத்த நைலோன் ஐயா. எந்தப் புழுவும் இதுக்குள்ள எட்டிக்கூடப் பாக்கல.”

நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ரோசமாகவும் இருந்தது. ஆனாலும் நைலோன் மனதுக்கு ஒப்பவில்லை. பருத்தியில் கைத்தறி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றே ஒன்று இருந்தது. சிவப்பு, கரையில் மஞ்சள் கோடு. அதை மாற்றி வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது கிழங்கு. வெலிமடை உருளைக்கிழங்கு ஊவாவின் பெருமை. விருந்தாளிக்குக் கிழங்குக் கறி வைக்காத வீடு எங்கள் பக்கம் இல்லை. சமணர்கள் மண்ணுக்கு அடியில் விளைவதை உண்பதில்லை, தோண்டும்போது உயிர்கள் சாகும் என்பதால். வெங்காயமும் இல்லை, வெள்ளைப்பூண்டும் இல்லை. சமையலுக்கு நின்ற பெண்களிடம் இதைச் சொன்னபோது ஒருவர் கேட்டார், “அப்ப என்னத்தத்தான் ஐயா போடறது, வெறும் தண்ணியா?” பருப்பு, போஞ்சி, பூசணிக்காய் என்று முடிவு செய்தோம். சூரியன் மறைந்த பிறகு அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்பதால் விழாவை மாலையில் வைக்காமல் ஞாயிறு பகல் மூன்று மணிக்கு வைத்தோம். மதிய உணவு அதற்கு முன்பு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மைதானத்து மரத்தை நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

5. வெள்ளிக்கிழமை மைதானத்தில்

விழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை பந்தல் வேலையைப் பார்க்கப் போனேன். மைதானத்தின் ஓரத்தில் பெரிய யூகலிப்டஸ் மரம் ஒன்று நிற்கிறது. அதன் கீழே இரண்டு ஆட்கள் நீண்ட மூங்கில் கழியின் நுனியில் டயர்த் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கலன். தொரையும் நின்றார். மேலே பார்த்தேன். உயரக் கிளையில் ஒரு முறம் அளவுக்கு அடை தொங்கியது. காற்றுக் காலத்தில் யூகலிப்டஸ் பூக்கும்போது இந்தக் குளவிகள் மேலே வரும், மழை தொடங்கினால் இறங்கிப் போகும்.

நான் பேச வாயெடுப்பதற்குள் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் அந்த வழியாக வந்தார்கள். முன்னால் புஷ்பம். கழியைப் பார்த்ததும் நின்றார்.

“தொரை, இது எதுக்குங்க?”

“நாளன்னைக்குக் கொழும்புலேர்ந்து ஆளுங்க வர்றாங்க புஷ்பம். தப்பு, பட்டாசு, ஸ்பீக்கர் எல்லாம் இருக்கு. அது கலைஞ்சு எறங்கினா யாரு பதில் சொல்றது?”

“பட்டாச நிறுத்திருங்க.”

“பட்டாச நிறுத்தலாம். தப்பு? சமையல் பொகை? ஐந்நூறு பேர் நடமாட்டம்?”

“அப்ப நான் வரலீங்க.”

“நீ வராம யாருக்குக் குடுக்கிறது?”

செல்லம்மா இடையில் புகுந்தாள். “குளவிக்கே குடுத்துருங்க தொரை. அது செத்துத்தான போவும், போட்டோவுக்கு மாலை போட்டு, பக்கத்துல பொன்னாடைய மடிச்சு வச்சிரலாம்.”

கழி கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தொரை சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல, உண்மையிலேயே பயந்திருந்தார்.

“எனக்கு மட்டும் எரிக்க ஆசையா? போன வருசம் பக்கத்துத் தோட்டத்துல ஒரு ஆள் போனது உனக்குத் தெரியும்.”

“தெரியுங்க. எரிச்ச மறுநாள்தான் போனாரு. அதுவும் தெரியுங்க.” புஷ்பத்தின் குரல் உயரவில்லை. “இன்னைக்கு எரிச்சா மிச்சம் இருக்கிறது நாளைக்கும் இருக்கும், நாளன்னைக்கும் இருக்கும். கொழும்பு ஐயாமாரு அதுக்குக் கீழதான் உக்காருவாங்க. அவுங்க போயிருவாங்க. திங்கக்கிழமை இந்தப் பக்கம் வேலைக்கு வர்றது யாரு? இத எரிச்சிட்டு அந்தப் பொன்னாடையப் போத்துனீங்கன்னா, எங்க அண்ணிகிட்ட நான் என்ன சொல்றதுங்க?”

அழைப்பிதழ் போய்விட்டது. சபையினர் கொழும்பிலிருந்து புறப்படத் தயாராக இருந்தார்கள். எரித்தால் புஷ்பம் வரமாட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். எரிக்காமல் அங்கேயே நடத்தினால் தப்புச் சத்தத்தில் அடை கலையலாம். தப்பை நிறுத்தினால் தங்கள் கங்காணியைத் திருடனைப் போல அழைத்து வந்தார்கள் என்று தோட்டமே பேசும்.

அப்போது எனக்கு என் பழைய மாடி நினைவுக்கு வந்தது. கொழுந்து வந்ததும் அதைப் பரப்பி வாட்டுகிற தொழிற்சாலை மேல்மாடி. தோட்டத்திலேயே அதைவிட நீளமான கூரை வேறில்லை. மைதானத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஒரு குன்று இருக்கிறது. தப்பை எவ்வளவு முழக்கினாலும் சத்தம் இந்த மரத்துக்கு வராது.

“தொரை, வாட்டு மாடியில வைப்போம்,” என்றேன்.

“மாடியிலயா? சனிக்கிழமைக் கொழுந்து கெடக்குமே ஐயா.”

“சனிக்கிழமைக் கொழுந்த ஞாயித்துக்கிழமை காலையிலயே அரவைக்கு எறக்கிடலாம். இந்தக் காத்துக்குச் சீக்கிரமே வாடிரும். ஞாயிறு கொழுந்து எடுக்கிறதில்லை. மத்தியானத்துக்கு மாடி காலி. கழுவி வுட்டா மூணு மணிக்குக் காஞ்சிரும்.”

“சுத்தச் சட்டம் இருக்கே. செருப்பு கூடாது, தலைக்கு வலைத் தொப்பி போடணும், உள்ள சாப்பாடு கூடாது.”

“சாப்பாடு பிள்ளைக்காம்பராவில. செருப்புக் கழட்டுறது அவங்களுக்குப் புதுசில்லை. தொப்பி எல்லாருக்கும் போட்டுருவோம்.”

தொரை மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் புஷ்பத்தைப் பார்த்தார். பிறகு ஆட்களிடம் கழியைக் கீழே வைக்கச் சொன்னார்.

புஷ்பம் இடுப்பிலிருந்து சிவப்புத் துணித் துண்டை எடுத்து, மரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்ற பந்தல் காலில் கட்டினார். “பந்தல மெதுவாப் பிரிங்கடா. சுத்தியல் வேணாம், கயித்த அவுருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

6. வலைத் தொப்பி விழா

நான் வேலை செய்த காலத்தில் அந்த மாடியில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஏலத் தரகர்கள், கம்பனி அதிகாரிகள், வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்த கூட்டத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. கொழும்பு வியாபாரிகள், கொழுந்துப் பெண்கள், ஆலயப் பங்குத் தந்தை, தொரை, தப்புக்காரர்கள், எல்லோர் தலையிலும் ஒரே வெள்ளை வலைத் தொப்பி. காலில் ஒருவருக்கும் செருப்பு இல்லை. யார் பெரியவர், யார் சிறியவர் என்று தெரியவில்லை. வாடிய கொழுந்தின் மணம் மட்டும் மாடியை விட்டுப் போகவில்லை.

தப்பு தொழிற்சாலை வாசலில் முழங்கியது. புஷ்பத்தை அழைத்தபோது அவர் தனியே வரவில்லை, தன் ஆட்கள் எல்லோரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். கீர்த்திலால் ஐயா சிவப்புப் பொன்னாடையைப் போர்த்தினார். போர்த்தும்போது தொப்பி நழுவியது. செல்லம்மா அதை இழுத்துச் சரிசெய்தாள்.

கீர்த்திலால் ஐயா சுருக்கமாகவே பேசினார். தங்கள் நோன்பு நாட்கள் முடிந்ததும் தெரிந்தோ தெரியாமலோ யாரையும் நோகடித்திருந்தால் மன்னிப்புக் கேட்பது வழக்கம் என்று சொல்லி, இந்த மலையில் விளைந்த தேயிலையை இத்தனை காலம் குடித்தும் அதைப் பறித்தவர்களை இப்போதுதான் நேரில் பார்ப்பதற்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். (மறுநாள் கொழுந்து நிறுக்கும்போது செல்லம்மா கணக்கப்பிள்ளையிடம், “நீங்களும் தெரிஞ்சோ தெரியாமலோ கொறச்ச கொழுந்துக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுருங்க,” என்றாளாம். அவர் கேட்டாரா என்பது தெரியவில்லை.)

புஷ்பத்தைப் பேசச் சொன்னார்கள். ஒலிவாங்கியைக் கையில் வாங்கவில்லை.

“எனக்குப் பேச வராதுங்க. தொரைகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வெள்ளிக்கிழமை கழியக் கீழ வைக்கச் சொன்னீங்க. அது விழாவுக்காகவா, எப்பவுமேவா?”

தொரை எழுந்தார். வலைத் தொப்பியோடு நின்று, “எப்பவுமே,” என்றார்.

அப்போது கைதட்டல் எழுந்தது. பொன்னாடை போர்த்தியபோது எழுந்ததைவிடப் பெரிது. எத்தனையோ நல்ல தேயிலையை இறக்கிய மாடி அது. அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை எந்த நல்ல விலையும் தந்ததில்லை.

திங்கட்கிழமைக் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், தொரை அதை உத்தரவாகவே சொன்னார்: இனி எந்தக் கணக்கிலும் அடை எரிக்கக் கூடாது, துணி கட்ட வேண்டும், கட்டிய இடத்தை விட வேண்டும். சாக்கும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் கொடுக்கும் களஞ்சியத்திலிருந்து இனிமேல் சிவப்புத் துணியும் கொடுக்கப்படும்.

7. துணி போன இடம்

வடகிழக்கு மழை தொடங்கியதும் குளவிகள் தாமாகவே இறங்கிப் போயின. வெறும் அடை சில வாரங்கள் தொங்கி, ஒரு காற்றில் விழுந்தது. மைதானத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நான் நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

அடுத்த முறை போனபோது புஷ்பத்தின் வீட்டில் விழாவில் சபை கொடுத்த நினைவுச் சின்னம் அலமாரியில் இருந்தது. பக்கத்தில் எல்லோரும் வலைத் தொப்பியோடு நிற்கும் படம். பொன்னாடையைக் காணவில்லை.

“ஐயா கோவிச்சுக்கக் கூடாது,” என்றார். “களஞ்சியத்துத் துணி வர்றதுக்கு முன்ன மத்தத் தோட்டத்துப் பொம்பளைங்க கேட்டு வந்துட்டாங்க. நல்ல சிவப்பு, தூரத்துலேர்ந்தே தெரியுது. கிழிச்சுக் குடுத்துட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“ஒரு துண்டு வச்சிருக்கேன். அண்ணி கல்லறையில கட்டியிருக்கு.”

நைலோனாக இருந்திருந்தால் இப்படிக் கிழிக்க வந்திருக்காது. அந்தப் பருத்தித் துணியை வாங்கியதில் எனக்கு இன்னும் திருப்தி.

இளையவர்களுக்கு நான் இதிலிருந்து சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒருவரைப் பாராட்டக் கிளம்பும்போது, அவர் எதற்காகப் பாராட்டப்படுகிறாரோ அதை நம் ஏற்பாடுகள் முதலில் கடைப்பிடிக்கின்றனவா என்று பாருங்கள். நாங்கள் துணியைப் பார்த்தோம், கிழங்கைப் பார்த்தோம், சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தோம். மரத்தை அண்ணாந்து பார்க்க மட்டும் மறந்தோம். அதைப் பார்க்கிறவரைத்தான் பாராட்ட அழைத்திருந்தோம் என்பதால் தப்பித்தோம்.

கடைசியாக ஒரு தகவல். மொனராகலைப் பக்கம் ஓடும் பஸ் சாரதி ஒருவர், அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் வீதியோர மரமொன்றில் சிவப்புத் துணி கட்டியிருப்பதாக என்னிடம் சொன்னார். செல்லம்மாவின் தங்கை அந்தப் பக்கம்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். துணியின் கரையில் மஞ்சள் கோடு இருந்ததா என்று கேட்டேன், கவனிக்கவில்லை என்றார். மரத்தில் அடை இருந்ததா என்றேன், அதையும் பார்க்கவில்லை என்றார். யாராவது நேர்த்திக்கடனுக்குக் கட்டிய துணியாகவும் இருக்கலாம். நான் இன்னும் அங்கே போகவில்லை. ஆகவே அது புஷ்பத்தின் பொன்னாடைத் துண்டுதான் என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.